படிப்பு, வயது, திறன்: எல்லையோரத் தமிழர் கிராமசபைக்கு வருவதும் வராததும்

சித்தூர்ப்புழை (இழையைத் தொடங்குபவர்):

ஓ.இ.சி.டி. அமைப்பு 2011–12 இல் 24 நாடுகளில், 16 முதல் 65 வயது வரையிலான சுமார் 1,66,000 பேரிடம் நடத்திய வயதுவந்தோர் திறன் ஆய்வைப் பற்றி இங்கே சிலர் படித்திருக்கக்கூடும். வாசித்துப் புரிந்துகொள்ளுதல், கணக்கு, கணினிவழிச் சிக்கல் தீர்த்தல் ஆகியவற்றைச் சோதித்ததோடு, பிறரை எந்த அளவுக்கு நம்பலாம், அரசு செய்வதில் உங்களைப் போன்றவர்களின் பேச்சுக்கு இடமுண்டா, ஊதியமில்லாத பொதுப்பணியில் ஈடுபடுகிறீர்களா என்றும் அந்த ஆய்வு கேட்டது. வாசிப்புத் திறன் குறைந்தவர்கள் பிறரைக் குறைவாக நம்புவதும், தம் பேச்சு எடுபடாது என்று கருதுவதும், பொதுப்பணியிலிருந்து ஒதுங்கியிருப்பதும் பெரும்பாலான நாடுகளில் தெரிந்தன. பள்ளிப் படிப்பையும் வயதையும் குடும்பப் பின்னணியையும் கணக்கில் கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு அடியோடு மறைந்துவிடவில்லை. 2022–23 இல் இரண்டாம் சுற்று நடந்து, 2024 டிசம்பரில் அதன் முடிவுகள் வெளியாயின. இரண்டு சுற்றிலும் இந்தியா சேரவில்லை.

இதை நம் ஊரோடு வைத்துப் பார்த்தால் எனக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பாலக்காடு மாவட்டத்தில் எழுத்தறிவு 89 விழுக்காட்டுக்கு மேல். கேரளத்தில் வார்டுதோறும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கிராமசபை கூட வேண்டும். வாக்காளரில் பத்தில் ஒரு பங்கினர் வந்தால்தான் அது செல்லும். எங்கள் சித்தூர் தாலுகாவின் தமிழ் வார்டுகளில் அந்தப் பத்தில் ஒரு பங்கை நிரப்புகிறவர்கள் யார் என்று பாருங்கள்: குடும்பஸ்ரீ என்ற அரசின் மகளிர் குழுக்களில் இருக்கும் பெண்கள், தொழிலுறுதி எனப்படும் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் தென்னங்கன்றுக்கும் விண்ணப்பித்தவர்கள். பட்டதாரிகளும், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்களும், கோயம்புத்தூரில் கம்பெனி வேலையில் இருக்கிறவர்களும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆய்வு சொல்லும் திசைக்கு நேர் எதிராகவல்லவா இது இருக்கிறது? இதற்கு என்ன காரணம் என்று அறிய விரும்புகிறேன்.

நகரி நெசவாளர்:

ஐயா, நீங்கள் இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒன்றாகக் கட்டுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஆய்வு சோதித்தது கையில் உள்ள திறனை. கணக்கெடுப்பு எண்ணுவது, ஏதேனும் ஒரு மொழியில் எழுதப் படிக்கத் தெரியும் என்று வீட்டார் சொன்ன பதிலை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வைத்துக்கொண்டு வங்கிக் கடன் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாதவர்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. ஐந்தாம் வகுப்போடு தறிக்கு வந்து, பாவின் இழைக்கணக்கையும் கூலியையும் மனத்துக்குள்ளேயே போட்டு முதலாளியின் கணக்கில் பிழை காட்டுகிறவர்களும் உண்டு.

நம்பிக்கை என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆந்திரத்தில் 2019 ஆகஸ்ட்டில் ஐம்பது வீட்டுக்கு ஒரு வாலண்டியர் என்று நியமித்தார்கள். மாதம் ஐயாயிரம் ரூபாய் மதிப்பூதியம். பெரும்பாலும் அந்தந்தத் தெருவிலேயே படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பிள்ளைகள். 2020 முதல் அவர்களே மாதம் பிறந்ததும் முதியோர் பென்ஷனை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் தேர்தல் ஆணையம் அவர்களை அந்தப் பணியிலிருந்து விலக்கியது. அதே ஆண்டு ஜூலை முதல் சச்சிவாலய (ஊர்ச் செயலக) ஊழியர்கள் கொண்டுவருகிறார்கள். அந்த ஏற்பாட்டின் அரசியல் இங்கே வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, பென்ஷன் கொண்டுவந்த வாலண்டியர் பெண்ணை நம்பிக் கைரேகை வைத்தது அரசின்மேல் கொண்ட நம்பிக்கையால் அன்று. இன்னார் வீட்டுப் பேத்தி என்று தெரிந்ததால். அந்த நம்பிக்கை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அது பாட்டியைக் கிராமசபைக்கு அழைத்துச் செல்லவில்லை. காரியம் வாசலிலேயே முடிந்துவிட்டது. பிறகு அவர் எதற்குப் போக வேண்டும்?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

நெசவாளர் சொன்ன வேறுபாட்டோடு, எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு மட்டுமே விளங்கக்கூடிய இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். எந்த மொழியில் திறன்?

நான் முப்பது ஆண்டுக்காலம் தமிழ்வழிப் பள்ளியில் கற்பித்தவள். என்னிடம் படித்தவர்களில் நன்றாகக் கட்டுரை எழுதக்கூடியவர்கள், நாளேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு வாதாடக்கூடியவர்கள் பலர். அவர்களே பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளப் படிவத்தை நீட்டியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அட்சயா என்ற அரசு இணையச் சேவை மையத்துப் பெண்ணைத் தேடுகிறார்கள். மலையாளம் பேச வரும், கேட்டால் புரியும். ஆனால் அலுவலக மலையாளத்தை வாசித்து, அதில் எழுதி, கையொப்பமிடும் துணிவு வருவதில்லை. கணக்கெடுப்பில் அவர்கள் எழுத்தறிவு பெற்றவர்கள். அலுவலக மேசைக்கு முன் எழுத்தறியாதவர்கள். சித்தூர்ப்புழை அவர்கள் காட்டிய ஆய்விலும் இதற்குச் சான்று உண்டு. அந்தந்த நாட்டின் மொழியில் சோதனை வைத்தபோது, வேறு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட குடியேறிகள் பல நாடுகளில் பின்தங்கினார்கள். அவர்களுடைய சொந்த மொழியில் கேட்டிருந்தால் எண்கள் வேறாக இருந்திருக்கக்கூடும்.

நம்மவர்கள் குடியேறிகளும் அல்லர். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தபோது கோடு அவர்களைத் தாண்டிப் போயிற்று. அதை உணர்ந்துதான் கேரளத்தின் 1969 ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் தரப்பட வேண்டும் என்று வகை செய்திருக்கிறது. என் வகுப்பில் படித்த எத்தனை பேருக்கு இந்தச் சட்டம் தெரியும் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கே சங்கடமாக இருக்கிறது. பாடநூலிலும் அது இல்லை.

குடும்பஸ்ரீ பெண்கள் ஏன் வருகிறார்கள் என்பதற்கு விடையும் இதில் இருக்கிறது. அயல்கூட்டம், அதாவது குடும்பஸ்ரீயின் அக்கம்பக்கத்துப் பெண்கள் குழு, வாரந்தோறும் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடுகிறது, பேச்சு தமிழில் நடக்கிறது, மினிட்ஸ் புத்தகத்தை எழுதத் தெரிந்தவள் எழுதுகிறாள், கடன் தவணை எல்லாருக்கும் எதிரே எண்ணப்படுகிறது. அங்கே பேசிப் பழகியவள் ஏ.டி.எஸ். எனப்படும் வார்டு அளவிலான குடும்பஸ்ரீ கூட்டத்தில் பேசுகிறாள், பிறகு கிராமசபையிலும் எழுந்து நிற்கிறாள். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்தப் பழக்கம் கிடைத்தது. பட்டம் பெற்ற அவளுடைய அண்ணனுக்குக் கிடைக்கவில்லை.

தேவிகுளத்தான்:

டீச்சர் அவர்களின் கருத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு மூணாறு தடை சொல்லும்.

2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் பெண் தொழிலாளர்கள் நடத்திய பொம்பிளை ஒருமை வேலைநிறுத்தம் உங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். 20 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அப்போது நாள் கூலி 232 ரூபாய். ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், தலைமுறை தலைமுறையாக லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வாழ்ந்து கொழுந்து பறிக்கிறவர்கள், சாலையில் அமர்ந்தார்கள். ஒன்பது நாளில் போனஸ் 20 விழுக்காடாகத் திரும்பியது. அடுத்த மாதம் கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. அந்த ஆண்டின் உள்ளாட்சித் தேர்தலில் அவர்களில் சிலர் நின்று வென்றார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்களைத் திரட்டியது நம்பிக்கையா, அவநம்பிக்கையா என்பதுதான். தங்கள் பெயரால் பேசிவந்த எல்லாத் தொழிற்சங்கங்களையும் அவர்கள் நம்ப மறுத்தார்கள். தலைவர்களை மேடைப் பக்கமே விடவில்லை. அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த வி.எஸ். அச்சுதானந்தன் வந்தபோது தங்களோடு அமர விட்டார்கள். ஆகவே கண்மூடித்தனமான சந்தேகமும் அன்று அது. யாரை நம்பலாம் என்று அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். பக்கத்து லயத்துப் பெண்மேல் வைத்த முழு நம்பிக்கையும், சங்க அலுவலகத்தின்மேல் கொண்ட முழு அவநம்பிக்கையும் ஒரே நேரத்தில் ஒரே மனத்தில் இருந்தன. "பிறரை நம்பலாமா" என்று ஒற்றைக் கேள்வி கேட்டு அதற்கு ஒரு மதிப்பெண் போடும் ஆய்வு இந்தப் பெண்களை எந்தக் கட்டத்தில் அடைக்கும்?

உங்கள் தாலுகாவிலேயே பிளாச்சிமடை இருக்கிறது. 2002 ஏப்ரலில் குளிர்பான ஆலைக்கு எதிராகப் பந்தல் போட்டு அமர்ந்தவர்களின் முன்னணியில் இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா நின்றார். கிணற்று நீர் மாறிவிட்டதை ஆய்வகங்களுக்கு முன்பே கண்டுகொண்டவர்கள் அந்தத் தண்ணீரில் சோறு பொங்கிய பெண்கள். பெருமாட்டிப் பஞ்சாயத்து 2003 இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. படிப்பு வளர்ந்தால் பங்கேற்பு வளரும் என்பதை இங்கே எப்படிப் பொருத்துவீர்கள்?

வாளையார் கணக்கர்:

போராட்டம் வேறு, நிர்வாகம் வேறு. பந்தலில் அமர ஆயிரம் பேர் வேண்டும். திட்டக் கோப்பைப் படிக்க ஒருவராவது வேண்டும். நான் பஞ்சாயத்துக் கணக்கு வேலைகளை அருகிலிருந்து பார்த்தவன். படிக்கத் தெரியாத தலைவர் செயலாளர் காட்டிய இடத்தில் கையொப்பமிடுகிறார். தவறு நடந்தால் அவரே சிக்குகிறார். ஆகவே உறுப்பினராக நிற்பவருக்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதி வைப்பதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. ஹரியானா அதைச் செய்தது. உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

ஏற்றது உண்மைதான், 2015 டிசம்பர் 10 அன்று. ஆனால் அந்தச் சட்டம் கேட்டது என்ன? பொதுப்பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதி ஆண்களுக்கும் எட்டு, பட்டியல் சாதிப் பெண்களுக்கு உறுப்பினர் பதவிக்கு ஐந்து. பள்ளிக்கூடம் கட்டித்தர வேண்டிய காலத்தில் கட்டாத அரசு, அந்தக் காலத்துப் பெண்ணிடம் வயதான பிறகு சான்றிதழ் கேட்கிறது. அதே வழியில் 2014 இல் போன ராஜஸ்தான் 2019 இல் அந்த விதியை நீக்கிவிட்டது. நம் ஊரில் அப்படி ஒரு விதி வந்தால் யார் வெளியே நிற்பார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய தோட்டத் தொழிலாளர்களும் பழங்குடிப் பெண்களும்தான். செயலாளர் ஏமாற்றுகிறார் என்றால் செயலாளரைக் கேள்வி கேட்கும் வழியைப் பலப்படுத்த வேண்டும். ஏமாற்றப்பட்டவரைப் போட்டியிலிருந்து விலக்குவது என்ன நியாயம், கணக்கர் அவர்களே?

வாளையார் கணக்கர்:

பழைய தலைமுறைக்கு விலக்கு அளிக்கலாம். ஆனால் 1991 க்குப் பிறகு பிறந்த ஒருவர் கேரளத்தில் எட்டாம் வகுப்பு முடிக்கவில்லை என்றால் அதற்கு அரசை மட்டும் குறை சொல்ல முடியாது. என் கருத்தில் மாற்றமில்லை.

சூளூர்பேட்டைக்காரர்:

கல்வியால் பங்கேற்பு வளர்ந்ததற்கு அன்று எங்கள் ஊரும் சேர்ந்திருந்த ஆந்திரத்து நெல்லூர் மாவட்டத்தைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. ஆனால் அது பள்ளிக் கல்வியால் வந்தது அன்று. 1990களின் தொடக்கத்தில் முதியோர் எழுத்தறிவு இயக்கம் இங்கே நடந்தபோது, இரவு வகுப்பில் கூடிய பெண்கள் தம் ஊர்ச் சாராயக் கடையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பாடப்புத்தகத்தில், பெண்கள் ஒன்றுகூடிச் சாராயத்தை நிறுத்திய ஒரு கதையும் இருந்தது. 1992 இல் தூபகுண்டா என்ற சிற்றூரில் பெண்கள் கடையை மூட வைத்தார்கள். அது மாவட்டமெங்கும் பரவி, சாராய ஏலங்களே நடக்க முடியாமல் போய், 1993 அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது.

அந்தப் பெண்களில் எத்தனை பேர் சரளமாக வாசிக்கக் கற்றார்கள் என்பது வேறு விஷயம். சிலேட்டும் அரிக்கேன் விளக்கும் அவர்கள் தினமும் கூடுவதற்கு ஒரு காரணத்தைக் கொடுத்தன. குடித்துவிட்டு அடிக்கும் கணவன் தன் வீட்டில் மட்டும் இல்லை என்று தெரிந்துகொள்ள அந்தக் கூட்டம் போதுமானதாக இருந்தது. நாற்பது வயதுக்காரியும் இருபது வயதுக்காரியும் ஒரே வரிசையில் உட்கார்ந்து "அ" எழுதினார்கள். பள்ளிக்கூடம் ஒரே வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைக்கிறது. இந்த வகுப்பு ஒரே ஊர்ப் பெண்களை ஒன்றாக வைத்தது. தேவிகுளத்தான் காட்டிய போராட்டங்களிலும் இப்படி ஓர் அன்றாடக் கூடுகை இருந்ததைக் கவனியுங்கள். கொழுந்துக்காடும் லயமும் அந்த வேலையைச் செய்தன.

வேலந்தாவளம் இளையவன்:

பெரியவர்கள் எல்லாரும் பேசியாயிற்று; எங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். இளைஞர்கள் வருவதில்லை என்று சித்தூர்ப்புழை ஐயா மறைமுகமாகக் குறைப்படுகிறார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் உதவி கேட்டு வந்த விண்ணப்பங்களைத் திரட்டிய இணையதளத்தை இரவு பகலாக நடத்தியவர்களும், முகாம்களில் அரிசி மூட்டை தூக்கியவர்களும் எந்த வயதினர்? 2020 டிசம்பரில் திருவனந்தபுரம் மாநகராட்சிக்கு 21 வயது மேயர் வந்தார். நாங்கள் வராமல் இருப்பது கிராமசபைக்குத்தான். காலையில் கோயம்புத்தூர் பஸ் ஏறினால் இருட்டிய பிறகே திரும்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை வந்தாலும், பயனாளிப் பட்டியலை வாசித்து முடித்துக் கையொப்பம் வாங்கிக் கலைகிறார்கள். அங்கே எங்களுக்குக் கேட்க எதுவும் இல்லை, எங்களிடம் யாரும் எதையும் கேட்பதும் இல்லை.

சித்தூர்ப்புழை:

எல்லாருடைய பதில்களையும் படித்த பிறகு, பொருளியலாளர் மூவர் 2004 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. கட்டாயக் கல்விச் சட்டங்களால் கூடுதல் ஆண்டுகள் பள்ளியில் இருக்க நேர்ந்தவர்களை வைத்து, கல்வி வாக்களிப்பை உண்மையிலேயே கூட்டுகிறதா என்று பார்த்தார்கள். அமெரிக்காவில் தெளிவாகக் கூட்டியது. பிரிட்டனில் அப்படித் தெரியவில்லை. அமெரிக்காவில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது குடிமகனின் பொறுப்பு. பிரிட்டனில் அன்று பட்டியல் தயாரிப்பவர்களே வீட்டைத் தேடி வந்தார்கள். அந்த வேறுபாடு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். வாசல் தாழ்வாக இருந்தால்தான் குனியத் தெரிந்தவருக்கு மதிப்பு.

இந்தியாவில் வாக்குச்சாவடி அலுவலர் வீடு தேடி வருகிறார், சின்னத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் போதும். ஆகவே தேர்தல் நாளில் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இங்கே பெரிதாகத் தெரிவதில்லை. நகரத்து நடுத்தர வகுப்பினரே சோம்பேறிகள் என்ற பெயரும் நிலைத்திருக்கிறது. மனு, மேல்முறையீடு, தகவல் உரிமை விண்ணப்பம், டெண்டர் கோப்பு என்று வாசல் தாழும் இடங்களில்தான் படிப்பும், அதைவிட அலுவலக மொழியும், வேண்டியிருக்கின்றன. கிராமசபையின் வாசல் அகலமானது. ஆனால் இளையவன் சொல்வதுபோல் உள்ளே நடப்பது பட்டியல் வாசிப்பு மட்டும் என்றால், பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அங்கே வேலையில்லை. என் தொடக்கக் கேள்விக்கு இதுவே பெரும்பகுதி விடை என்று நினைக்கிறேன். கணக்கரின் பரிந்துரை வாசலை இன்னும் தாழ்த்துவதாகும். அதோடு நான் உடன்பட மாட்டேன்.

நகரி நெசவாளர்:

வயதைப் பற்றி ஒரு சொல். அந்தத் திறன் ஆய்வில் வாசிப்புத் திறன் சராசரியாக முப்பது வயதை ஒட்டி உச்சத்தை அடைந்து பிறகு இறங்குகிறது. ஆனால் பல நாடுகளில் வாக்களிப்பது வயதானவர்கள்தாம் அதிகம். அப்படியென்றால் திறன் மட்டும் ஆளை இழுத்து வருவதில்லை. ஓர் ஊரில் நெடுங்காலம் இருந்து, அதன் குளமும் கோயிலும் தண்ணீர்க் குழாயும் தன்னுடையவை என்று எண்ணத் தொடங்கிய பிறகு வருகிற அக்கறை அது. கோயம்புத்தூர் பஸ்ஸில் போகும் தம்பிக்கு அது வர இன்னும் காலம் இருக்கிறது. சொந்த ஊரில் வேலை கிடைத்தால் சீக்கிரம் வரும்.

தேவிகுளத்தான்:

இப்போது வாசல் மறுபடி மாறுகிறது என்பதையும் பேச வேண்டும். பஞ்சாயத்துச் சேவைகள் கே-ஸ்மார்ட் என்ற அரசு இணையச் சேவை வழியாகக் கைபேசிக்கு வந்துவிட்டன. 2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 21 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி தரப்பட்டது, அவர்களில் நூறு வயதைக் கடந்த முதியவர் ஒருவரும் உண்டு. பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனால் லயத்தில் இருக்கும் என் சித்திக்குக் கற்றுக்கொடுத்தது வீடியோ அழைப்பு எடுக்கவும் குரல்செய்தி அனுப்பவும். அலுவலக மலையாளத்தில் வரும் ஓ.டி.பி. செய்தியையும் "நிராகரிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரிப் பதிலையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்கு இன்னும் பேரன்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பு மெம்பரிடம் சண்டை போட்டாவது காரணம் கேட்டுவிடுவார். திரையோடு சண்டை போட முடியாது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

அந்தச் சண்டை போடும் உரிமையைத்தான் காப்பாற்ற வேண்டும். இளையவன் தம்பியிடம் ஒரு வேண்டுகோள்: வெள்ளத்தின்போது செய்ததைப்போல், நம் வார்டின் பயனாளிப் பட்டியலையும் திட்டச் செலவுக் கணக்கையும் தமிழில் தட்டச்சு செய்து, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அயல்கூட்டங்களுக்கு அனுப்ப முடியுமா? திண்ணையில் படித்துப் பேசிவிட்டு வந்தால் கிராமசபையில் கேள்வி தானாக வரும்; கேள்வி வந்தால் உங்களைப் போன்றவர்களுக்கும் அங்கே இருக்கக் காரணம் கிடைக்கும். கணக்கர் அவர்கள் கோப்பு படிக்கத் தெரிந்தவர். தகுதி கேட்பதற்குப் பதிலாக, செலவுக் கணக்கை எப்படிப் பார்ப்பது என்று ஏ.டி.எஸ். பெண்களுக்கு ஒரு மாலை சொல்லிக்கொடுத்தால் நன்றாயிருக்கும். கிராமசபை அறிவிப்பும் நடவடிக்கைக் குறிப்பும் தமிழிலும் வேண்டும் என்று 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டி நான் ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். வரைவை நாளை இங்கே இடுகிறேன். வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்தில் இருப்பவர்களும் தங்கள் வார்டுக்கு ஏற்றபடி மாற்றி எடுத்துக்கொள்ளலாம்.

வாளையார் கணக்கர்:

தகுதி பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை, டீச்சர். ஆனால் சொல்லிக்கொடுக்க வருகிறேன். சனிக்கிழமை மாலை என்றால் வசதி. போன ஆண்டின் திட்டச் செலவு அறிக்கையின் நகல் ஒன்றை யாராவது முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.